ரவுண்ட் என்று அழைத்தபோது வந்தது யார்?

வசுமதி இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் இருந்தது பழைய கம்ப்யூட்டர் மெஷின் கொடுத்த தாள். மேலே இருந்தது நேற்று மாலை ஜெய்ராம் புது மெஷினில் ஓட்டி எடுத்தது. ஆற்றில் கப்பல் தாண்டி வரவேண்டிய மணல் திட்டுகளின் பெயர்கள் இரண்டிலும் வரிசையாக இருந்தன. எல்லா வரிகளும் இலக்கத்தின் மேல் இலக்கமாகப் பொருந்தி உட்கார்ந்தன, ஒன்றைத் தவிர. பைரபி திட்டுக்குப் பழைய தாள் 7.4 என்றது. புதுத் தாள் 7.5 என்றது.

அவர்கள் கம்பெனி சின்னது. சால்ட் லேக் ஐந்தாவது செக்டாரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி, ஒன்றரை ஹால். விற்பது ஒரே ஒரு ப்ரோக்ராம். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வரும் கப்பல் அன்றைக்கு எத்தனை மீட்டர் ஆழம் வரை தண்ணீருக்குள் அமிழ்ந்து வரலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. கப்பல் ஏஜெண்டுகள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் எவ்வளவு சரக்கோடு வரலாம் என்று கப்பலுக்குச் சேதி அனுப்புவார்கள். ஆகவே இந்தக் கணக்கில் மிச்சம் விழுகிற பின்னத்தை எப்போதும் கீழே தள்ளிவிட வேண்டும். மேலே ஏற்றவே கூடாது. ஆற்றில் இல்லாத தண்ணீரைத் தாளில் காட்டினால் கப்பலின் அடி மணலில் உட்கார்ந்துவிடும். பத்து சென்டிமீட்டர் என்பது அந்த ஆற்றில் சின்ன விஷயம் இல்லை.

பின்னத்தைக் கீழே தள்ளுகிற வேலையைச் செய்வதற்கென்று வசுமதி ஒரு ஃபங்ஷன், ப்ரோக்ராமுக்குள் தனியாகக் கூப்பிடக்கூடிய ஒரு குட்டித் துண்டு, எழுதி வைத்திருந்தாள். தொண்ணூற்று நாலில், அலுவலகம் பாலிகஞ்சில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த காலத்தில் எழுதியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு எண்ணைக் கையில் கொடுத்தால், அது பின்னத்தை உதிர்த்துவிட்டு முழு எண்ணாகத் திருப்பித் தரும். 74.8 கொடுத்தால் 74; அதைப் பத்தால் வகுத்தால் தாளில் வருகிற 7.4 மீட்டர். அத்தோடு ஒரு நுணுக்கமும் உண்டு. கம்ப்யூட்டர் சில சமயம் 75 என்பதையே 74.9999999 என்று வைத்துக்கொள்ளும். அந்த மாதிரி வந்தால் அது ஏமாறாமல் 75 என்றே சொல்லும். இந்த ஃபங்ஷனுக்கு அவள் வைத்த பெயர் ரவுண்ட். அப்போது அந்தப் பெயரில் வேறு எதுவும் கிடையாது. ப்ரோக்ராமில் எங்கே பார்த்தாலும் ரவுண்ட், ரவுண்ட் என்று அவள் கூப்பிட்டிருந்தாள்.

ஆகவே 7.4 என்பது 7.5 ஆகியிருக்கிறதென்றால், ரவுண்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

தன் மேசையிலிருந்தே புது மெஷினுக்குள் போய், அவளுடைய ஃபங்ஷன்களையெல்லாம் சேர்த்து வைத்த லைப்ரரியில் ரவுண்ட் இருந்த ஃபைலைத் திறந்தாள். அவள் எழுதியது அப்படியே இருந்தது. ஒரு புள்ளி கூட மாறவில்லை. ஆனால் ஃபைலின் சொந்தக்காரர் என்ற இடத்தில் ஜெய்ராமின் பெயர் இருந்தது. பக்கத்தில் போன வாரத்துத் தேதி. மற்ற ஃபைல்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அவன் பெயர்தான். புது மெஷினுக்கு நகல் எடுத்தவன் அவன். நகல் எடுத்தால் அப்படித்தான் பெயர் மாறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பதினோரு வருஷமாகத் தன் பெயரைத் தாங்கிய இடத்தில் இன்னொருத்தன் பெயரைப் பார்த்தபோது, வாசலில் வேறு யாருடைய செருப்பையோ பார்த்த மாதிரி இருந்தது.

ஒரு குட்டி டெஸ்ட் ப்ரோக்ராம் எழுதினாள். அவளுடைய டெஸ்டுகள் எப்போதும் ஒரே தினுசு. எண்ணை ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதிவிடுவாள். எதைக் கேட்டோம் என்பது கண்ணெதிரே இருக்க வேண்டும். ரவுண்டைக் கூப்பிடு, 74.8 கொடு, வருவதை அச்சிடு. அவ்வளவுதான். கம்பைல் செய்து, அதாவது கம்பைலர் அதை மெஷின் பாஷைக்கு மாற்றியதும், ஓட்டினாள்.

75 என்று வந்தது.

"ஜெய்ராம்!"

எதிர்ச் சுவரோரம் இருந்த மேசையிலிருந்து அவன் எட்டிப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. அப்பா மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வந்தவர். ஜெய்ராம் வளர்ந்ததெல்லாம் இங்கேதான். பெற்றோர் திருச்சிக்குத் திரும்பிப் போன பிறகும் அவன் இங்கேயே தங்கிவிட்டான். தமிழை விட வங்காளம் அவன் வாயில் வழுக்கிக்கொண்டு வரும்.

"என்ன மேடம்?"

"லைப்ரரில இருக்கற ரவுண்டை மாத்தினியா?"

"இல்லையே."

"நான் டெஸ்ட் பண்ணினேன். எழுபத்தி நாலு புள்ளி எட்டு குடுத்தா எழுபத்தஞ்சு வரது."

"இருங்க, நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிக்கொண்டான். கீபோர்ட் கடகடவென்று ஓடியது. அவள் எழுந்து அங்கே போவதற்குள் அவன் நாற்காலியைத் திருப்பி, "எழுபத்தி நாலுதான் மேடம் வருது. சரியாத்தானே இருக்கு?" என்றான்.

அவன் திரையில் 74 என்றுதான் இருந்தது. அவன் மேசையிலிருந்தும் ஓடியது அதே புது மெஷின்தான். அதே லைப்ரரி என்று சொன்னான்.

வசுமதி தன் இடத்துக்கு வந்தாள். மறுபடி ஓட்டினாள். 75. இரண்டு ரவுண்ட் வைத்திருக்கிறான். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு என்று நினைத்தாள்.

காரணம் தேடி அவள் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தப் பையன் அவளிடம் வந்து, லைப்ரரி முழுவதையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு நாள் கீழே ஜால்முடி என்கிற காரப்பொரி விற்கிறவனிடம் நின்றுகொண்டு, பக்கத்துக் கம்பெனிப் பையனிடம் இவன் வங்காளத்தில் சொன்னது அவள் காதில் விழுந்தது. "எல்லாம் தாத்தா காலத்து ப்ரோக்ராம், தொட்டா உதிருது. ஆனா அந்தம்மா தொடவே விட மாட்டாங்க." அந்தம்மாவுக்கு வங்காளம் தெரியும், இந்த ஊரிலேயே மூன்று தலைமுறை என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. இப்போது பழைய ப்ரோக்ராம் தப்பு செய்கிறது என்று காட்டிவிட்டால்? தூக்கிப்போட வேறு காரணமே வேண்டாம்.

மத்தியானம் அவள் அனிமேஷ்-தாவின் அறைக்குப் போனாள். அனிமேஷ்-தா, அதாவது அனிமேஷ் அண்ணன், முதலாளி. கப்பலில் இன்ஜினியராக இருந்துவிட்டுக் கரையேறியவர். தாளை வாங்கிப் பார்த்தார். பைரபி வரியில் அவர் விரல் நின்றது.

"இது போயிருந்தா?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"இன்னும் போகலை. புது மெஷின் தாள் திங்கட்கிழமைதான் ஏஜெண்டுகளுக்குப் போகும்."

"யாரு?"

அவள் ஒரு நொடி தயங்கினாள். "என் ரவுண்டைத்தான் யாரோ மாத்தியிருக்கணும். புது மெஷின்ல கை வச்சது ஜெய்ராம் ஒருத்தன்தான்."

"எனக்கு முதல்லேயே அந்தப் பையன் மேல ஒரு இது இருந்தது, பொஷு" என்றார் அனிமேஷ்-தா. அவருடைய வங்காள நாக்கில் வசு எப்போதும் பொஷுதான். "வெள்ளிக்கிழமையோட அவன் ப்ரொபேஷன் ஆறு மாசம் முடியுது. வேண்டாம்னு சொல்லி அனுப்பிடறேன். நீ சொன்னா போதும், வேற யாரையும் நான் கேக்க மாட்டேன்."

வெளியே வந்தபோது அவளுக்கு லேசாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லையே என்றுதான் தோன்றியது.

மாலையில் பஸ்ஸில் அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் ஜெய்ராம் உட்கார்ந்திருந்தான். அவனும் டாக்குரியா பக்கம்தான் வாடகைக்கு இருந்தான். வழக்கமாகப் பார்த்தால் எழுந்து வந்து இடம் கொடுப்பான். இன்றைக்குப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மடியில் பை. பையின் வாயை அவன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். பைபாஸில் பஸ் ஒரு குழியில் விழுந்து எழுந்தபோது, பைக்குள் பிளாஸ்டிக் டப்பி ஒன்று டக்கென்று சத்தம் போட்டது. சீடி டப்பியின் சத்தம். அலுவலகத்திலிருந்து யாரும் சீடி எடுத்துப் போகக் கூடாது.

வசுமதி அவனுக்கு முந்திய நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

வசுமதியின் கணவர் ஜம்புநாதன் பாங்கில் அதிகாரி. மனைவி பேசாமல் சாதம் போட்டால் விஷயம் பெரிது என்று அவருக்குத் தெரியும்.

"என்ன, உன் ஃபங்ஷனை யாராவது கடத்திண்டு போயிட்டாளா?"

"சிரிக்காதேங்கோ. நெஜமாவே அப்படித்தான்." எல்லாவற்றையும் சொன்னாள். சீடியையும் சொன்னாள்.

ஜம்புநாதன் ரசம் சாதத்தை நிதானமாகப் பிசைந்தார். "அவன் எழுபத்தி நாலுங்கறான். நீ எழுபத்தஞ்சுங்கறே. நீ பொய் சொல்லலை."

"நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

"அதையேதான் அவனும் அவன் ரூம்ல உக்காந்துண்டு சொல்லிண்டிருப்பான். பழைய மெஷினை விட மனசில்லாம மேடம் கதை கட்டறாங்கன்னு."

"நீங்க யார் கட்சி?"

"நான் சாப்பாடு கட்சி. வசு, பாங்க்ல ரெண்டு பேர் இப்படி நின்னா, நாங்க ரெண்டு பேரையும் ஒரே மேஜைல உக்கார வச்சு, ஒருத்தன் எழுதறதை இன்னொருத்தனைப் பாக்கச் சொல்லுவோம். தனித்தனியா விசாரிச்சா ரெண்டும் சத்தியமாத்தான் இருக்கும்."

"அனிமேஷ்-தாட்ட சொல்லியாச்சு."

அவர் கை நின்றது. "சொல்லிட்டியா? அவ்ளோ சீக்கிரமாவா?"

அந்தக் கேள்வி அவளோடு படுக்கைக்கு வந்தது.

மறுநாள் காலை அவள் நேராக ஜெய்ராமின் மேசைக்குப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன் டெஸ்டைக் காட்டு. என் எதிர்க்க ஓட்டு."

அவன் முகம் சிவந்தது. "காட்டறேன். ஆனா உங்க டெஸ்டையும் என் எதிர்க்க ஓட்டணும். நேத்து நீங்க சார் ரூம்ல ரொம்ப நேரம் இருந்தீங்க. நான் ஒண்ணும் கண்ணை மூடிட்டு இல்ல."

"சரி."

"நீங்க டைப் பண்ணும்போது நான் கையைக் கட்டிப்பேன். நான் பண்ணும்போது நீங்க கட்டிக்கணும்."

"கட்டிக்கறேன்டா அப்பா. ஆரம்பி."

பக்கத்து மேசையில் இருந்த வங்காளிப் பெண் ஒருத்தி, இவர்கள் தமிழில் சீறிக்கொள்வதைப் பார்த்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

முதலில் அவன் ஓட்டினான். அவள் அவன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், திரையை அல்ல. 74 வந்தது. அப்புறம் அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டான். அவள் தன் டெஸ்டை ஓட்டினாள். 75 வந்தது.

அதே திரை. அதே லைப்ரரி, எந்த லைப்ரரியோடு சேர்த்தோம் என்பதை இரண்டு பேரும் விரலை வைத்துப் படித்துப் பார்த்தார்கள். நடுவில் யாரும் எதையும் தொடவில்லை.

"மேடம்" என்றான் ஜெய்ராம் மெதுவாக. "இப்போ யார் பொய் சொல்றது?"

"வாயை மூடு. யோசிக்க விடு."

அவள் ரவுண்ட் இருந்த ஃபைலைத் திறந்தாள். அவன் கை தானாக அவிழ்ந்தது, மறுபடி கட்டிக்கொண்டான். ரவுண்டுக்குள் முதல் வரியாக ஒரு வாக்கியம் சேர்த்தாள். யாராவது ரவுண்டைக் கூப்பிட்டால், வேலையைத் தொடங்கும் முன்னால் அது 'வந்துவிட்டேன்' என்று திரையில் எழுதும். லைப்ரரியை மறுபடி உருவாக்கி, இரண்டு டெஸ்டையும் அதோடு மறுபடி சேர்த்தாள்.

"உன்னோடதை ஓட்டு."

ஓட்டினான். திரையில் 'வந்துவிட்டேன்' என்று வந்தது. அடுத்த வரியில் 74.

"இப்போ என்னோடது."

அவள் ஓட்டினாள். 75 என்று வந்தது. 'வந்துவிட்டேன்' வரவில்லை.

மறுபடி ஓட்டினாள். மறுபடி 75. ரவுண்ட் வரவேயில்லை, ஆனால் பதில் வந்துவிட்டது. கூப்பிட்டவள் அவள். பதில் சொன்னது வேறு யாரோ.

வெளியே ஒரு மினி பஸ் கண்டக்டர் கதவைத் தட்டித் தட்டிக் கருணாமொயீ, உல்டாடாங்கா என்று நிறுத்தங்களைக் கூவிக்கொண்டிருந்தான்.

"எடுத்துடறேன்" என்றாள்.

"எதை?"

"ரவுண்டை. மொத்தமா எடுத்துடறேன். ஆளே இல்லாதப்போ யார் பதில் சொல்றான்னு பார்ப்போம்."

ஃபைலிலிருந்து ரவுண்டை முழுவதுமாக வெட்டி எறிந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடம் காலியாக இருந்தது. லைப்ரரியை உருவாக்கினாள். தன் டெஸ்டைக் கம்பைல் செய்தாள். நியாயமாக, இந்தப் பெயரில் யாரும் இல்லை என்று மெஷின் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஓட்டினாள்.

75.

"ஆரே பாபா!" என்று ஜெய்ராம் எழுந்தேவிட்டான். கட்டிய கையெல்லாம் மறந்துபோயிற்று. "மேடம், உங்க ப்ரோக்ராம்ல நம்பர் எங்க இருக்கு?"

"உள்ளேயே எழுதியிருக்கேன். எப்பவும் அப்படித்தான்."

"நான் ஃபைல்லேர்ந்து படிக்கறேன். ஓட்டறப்போதான் நம்பர் வரும். உங்களோடதுல ஓட்டறதுக்கு முன்னாடியே, கம்பைல் பண்றப்பவே அந்த நம்பர் கம்பைலருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா?"

"அதுவே கணக்கைப் போட்டு வச்சிருக்கு. உங்க ரவுண்டைக் கூப்பிடவே இல்ல."

"அதுக்கு எப்படித் தெரியும், ரவுண்ட்னா என்ன பண்ணணும்னு? நான்தானே எழுதினேன்?"

ஜெய்ராம் கம்பைலரின் கையேட்டைத் திரையில் திறந்தான். ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள். இந்தப் பெயர்களெல்லாம் கம்பைலருக்கே பாடமாகத் தெரியும் என்று போட்டிருந்தது. இவற்றில் ஒன்றை யாராவது கூப்பிட்டால், அதற்குச் சௌகரியப்பட்ட இடத்தில் அது தானே வேலையை முடித்துக்கொள்ளும். நடு வரியில் ரவுண்ட் இருந்தது.

வசுமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். அவள் எழுதிய காலத்துக்குப் பிறகு ப்ரோக்ராம் மொழியை விரிவாக்கியவர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய ரவுண்ட் பக்கத்தில் இருக்கிற முழு எண்ணைத் தரும். 74.8-க்குப் பக்கம் 75. பழைய மெஷினில் இருந்த பழைய கம்பைலருக்கு இது தெரியாது, புதியதற்குத் தெரியும்.

"ஆனா ஒரு வார்த்தை எச்சரிக்கை பண்ணலையே!"

"உங்களோடது ஒரு நம்பரை வாங்கி ஒரு நம்பரைத் தருது. அதோடதும் அப்படியேதான். வாங்கறதும் தர்றதும் வேறயா இருந்திருந்தா கத்தியிருக்கும். ஒரே மாதிரி இருக்கறதால, ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சுக்குது."

"அப்போ பைரபி?"

இதைக் கேட்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. மற்ற எல்லாத் திட்டுகளுக்கும் ஆழம் ஃபைலிலிருந்து வருகிறது. பைரபிக்கு மட்டும், அளவு எடுக்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை என்பதால், குறைந்தபட்ச ஆழத்தை என்றைக்கோ அவள் ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதிவிட்டிருந்தாள். கம்பைலர் அந்த ஒரு இடத்தைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டு, மெஷின் ஓடத் தொடங்கும் முன்பே பத்து சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டது.

"ஒரு ஸ்விட்ச் இருக்கு மேடம்" என்றான் ஜெய்ராம். "உனக்குத் தெரிஞ்ச பேரையெல்லாம் மறந்துடுன்னு கம்பைலர்கிட்ட சொல்லிடலாம். ஒரு நிமிஷ வேலை."

"அடுத்த வருஷம் இங்க உக்காரப் போறவன் அந்த ஸ்விட்சைப் போட மறந்தா? மறுபடி பைரபில ஆரம்பிக்கும். வேண்டாம். பேரையே மாத்திடுவோம். லைப்ரரில இருக்கற அத்தனை ஃபங்ஷனுக்கும் முன்னால நதின்னு சேர்த்துடு. நதி ரவுண்ட். உலகத்துல வேற எவனும் அப்படிப் பேர் வைக்க மாட்டான்." அவள் கையேட்டுப் பட்டியலில் விரலை ஓட்டினாள். "பாரு, நான் வச்ச இண்டெக்ஸ் பேரும் இங்க இருக்கு. காமாவும் இருக்கு." தண்ணீரின் அடர்த்திக்கு அவள் வைத்திருந்த ஃபங்ஷன் காமா. உப்புத் தண்ணீரிலிருந்து நல்ல தண்ணீருக்கு வரும்போது கப்பல் எவ்வளவு கூடுதலாக அமிழும் என்பது அதை வைத்துத்தான். "இதெல்லாம் என்னைக்குப் பழி வாங்கலாம்னு காத்திண்டிருந்திருக்கு."

ஜெய்ராம் முதல் தடவையாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அனிமேஷ்-தாவின் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய்ச் சொன்னபோது அனிமேஷ்-தா பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"நேத்து அந்தப் பையன்னு சொன்னே."

"தப்பாச் சொல்லிட்டேன். கம்பைலர்."

"கம்பைலர்." அவர் அந்த வார்த்தையை ருசி பார்ப்பவர் மாதிரி சொன்னார். "பொஷு, நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதானே போனீங்க?"

"பஸ்ஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. காலையிலேர்ந்து ரெண்டு பேரும் தலையோட தலை ஒட்டி உங்க பாஷைல பேசிட்டிருக்கீங்க. இப்போ வந்து யாரும் தப்பு பண்ணலைங்கற. உங்க ஊர்ப் பையன். வேலை போனா பாவமா இருக்கும். எனக்குப் புரியுது. ஆனா கப்பல் அடி தட்டினா பதில் சொல்லப் போறது கம்பைலர் இல்ல, நான்."

வசுமதிக்குக் காது சுட்டது. பொய்யை ஆராயாமல் வாங்கிக்கொண்ட மனிதர் நிஜத்தைத் தராசில் வைக்கிறார். அவர் மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. ஒரு கேள்வி கூடக் கேட்காமல் நம்பும்படி பேசியவள் அவள்தானே?

"வாங்கோ" என்றாள், பதற்றத்தில் தமிழிலேயே. பிறகு வங்காளத்தில், "நீங்களே டைப் பண்ணுங்க. நானும் அவனும் எட்டி நிக்கறோம்."

அனிமேஷ்-தா ஜெய்ராமின் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஜெய்ராம் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் எட்டி நின்றார்கள். அவர் முதலில் லைப்ரரியைத் திறந்து ரவுண்ட் இல்லை என்பதைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அவள் சொன்ன எண்ணை எழுதாமல், அவர் இஷ்டத்துக்கு 31.7 என்று எழுதினார். ஒரு விரலால்தான் டைப் செய்வார். கம்பைல் ஆகும் வரை இரண்டு பேர் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

32 என்று வந்தது.

"ரவுண்ட் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"இல்லை. எங்கேயும் இல்லை."

அவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். பிறகு இன்னொரு எண் எழுதினார். அதுவும் மேலே ஏறியது. "பூத்!" என்றார். பேய் என்று அர்த்தம். நாற்காலியிலிருந்து எழுந்து ஜெய்ராமின் தோளைத் தட்டப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

"நீ இரு. வெள்ளிக்கிழமை பேச வேண்டியதில்ல. பேர் மாத்தற வேலையை ரெண்டு பேரும் சேர்ந்து முடிங்க. பைரபி ஏழு புள்ளி நாலு வந்த பிறகுதான் தாள் வெளியே போகணும்."

அவர் அறைக்குள் போனதும் ஜெய்ராம் அவள் பக்கம் திரும்பினான்.

"வெள்ளிக்கிழமை என்ன பேச வேண்டியிருந்தது மேடம்?"

அவள் மழுப்ப நினைத்தாள். வாய் வரவில்லை. "உன்னை அனுப்பறதைப் பத்தி."

"நீங்க சொன்னீங்களா?"

"நான்தான் சொன்னேன்."

"தெரியும்." அவன் குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. "நேத்தே தெரியும். நீங்க அந்த ரூம்லேர்ந்து வந்தப்போ என்னைப் பாக்காம போனீங்க. அதனாலதான் மொத்த லைப்ரரியையும் ஒரு சீடில போட்டு எடுத்துட்டுப் போயிட்டேன். நாளைக்கு நீங்களே எதையாவது மாத்தி வச்சுட்டு என் தலைல கட்டினா? என்கிட்ட சாட்சி வேணுமில்ல?"

"நான் மாத்துவேனா?"

"நான் மாத்துவேன்னு நீங்க நினைச்சீங்களே."

அவள் கையை நீட்டினாள். "சீடியைக் கொண்டு வந்து குடுத்துடு. வெளில இருக்கக் கூடாது."

"நாளைக்குக் கொண்டு வரேன்."

"இன்னொரு காப்பி கீப்பி எடுத்தியா?"

"இல்ல மேடம்" என்றான். கொஞ்சம் வேகமாகவே சொன்னான்.

பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பெயர் மாற்றத் தொடங்கினார்கள். லைப்ரரியில் ஒவ்வொரு ஃபங்ஷனாக எடுத்து, முன்னால் நதி சேர்த்து, அதைக் கூப்பிடுகிற இடங்களைத் தேடி மாற்ற வேண்டும். அவன் மாற்றிய வரியை அவள் படித்தாள். அவள் மாற்றியதை அவன் படித்தான். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மாலை டீ வந்தபோது, வெட்டிய ரவுண்ட் நதி ரவுண்டாகத் தன் இடத்தில் மறுபடி உட்கார்ந்திருந்தது. வசுமதி டெஸ்டை ஓட்டினாள். 'வந்துவிட்டேன்' என்றது. 74 என்றது.

"அந்த வரியை எடுத்துடலாமா மேடம்? வேலைதான் முடிஞ்சுதே."

வசுமதி மண் கோப்பையில் இருந்த டீயை ஒரு வாய் குடித்தாள்.

"திங்கட்கிழமை தாள் போற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

ஜெய்ராம் தலையாட்டிவிட்டு, அவள் கடைசியாக மாற்றிய வரியை இன்னொரு தடவை படித்தான்.